பஞ்சு போன திசை

அந்த அம்பை இன்னும் கழுவவில்லை. கராஜ் சுவரில் இரண்டு ஆணிகளின் மேல் கிடத்தி வைத்திருக்கிறேன். கார்பன் தண்டில் மங்கலாக ஒரு கொழுப்புப் பூச்சு. சிறகுப் பக்கம் விரற்கடை அளவுக்குக் காய்ந்து கறுத்த ரத்தம். முனையின் பிளேடில் ஒட்டியிருந்த மயிரை மட்டும் எடுத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டிருக்கிறேன். அடியில் சாம்பல், நுனியில் கறுப்பு. வெள்ளைவால் மானின் முதுகு மயிர் அப்படித்தான் இருக்கும்; வயிற்று மயிர் என்றால் வெளுத்துக் கிடக்கும். அம்பு எங்கே பட்டது என்று அன்று இரவு எனக்குச் சொன்னது அந்த நாலைந்து மயிர்தான்.

அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை சாயங்காலம். தெற்கு மிச்சிகனில் ஜாக்சன் கவுண்டி, வாட்டர்லூ வனப்பகுதியை ஒட்டிய ஒரு பண்ணை. அதன் சொந்தக்காரர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிவிட்டார். பரணில் ஏற முழங்கால் விடுவதில்லை என்பதால் தன் நிலத்தில் நான் வேட்டையாடிக்கொள்ளச் சம்மதித்தார். பதிலுக்கு அவருக்கு விறகு பிளந்து அடுக்கித் தருகிறேன். இந்தக் கட்டுரை முழுக்க அவரைப் பெரியவர் என்றே சொல்கிறேன்.

மிச்சிகனுக்கு வந்து 13 வருடம் ஆகிறது. வில் எடுத்து 5 வருடம். ஊரில், தென்காசிப் பக்கம், அம்மாவிடம் முதலில் சொன்னபோது பதறிப்போனாள். "என்னலே சொல்லுத, மானையா? புடிச்சி உள்ள போட்ற மாட்டானா?" அவள் பயம் நியாயமானது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் பக்கத்தில் மான் வேட்டை என்றால் திருட்டு வேட்டைதான். இங்கே கதை வேறு என்று போனிலேயே விளக்கினேன். இந்த மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் மான்கள். அவற்றை அடித்துத் தின்ற ஓநாய்கள் வடக்கே மேல் தீபகற்பத்தில் மட்டும்தான் மிஞ்சியிருக்கின்றன. நாங்கள் இருக்கும் கீழ்ப் பகுதியில் ஓநாய்க் கூட்டங்கள் அழிந்துபோய் நூறு வருடம் ஆகப்போகிறது. மான்மேல் கார் மோதுவது மட்டும் ஆண்டுக்கு 50,000 தடவைக்கு மேல் நடக்கிறது. வேட்டைக்குப் பருவம் உண்டு, உரிமம் உண்டு. 1960-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்பு வகுப்பில் தேறியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒன்றுதான் சொன்னாள். "சாப்புடத்தான அடிக்கே? அப்பொ வீணாக்காத."

அன்று நான் செய்தது அதைத்தான். வீணாக்கினேன். ஒரு மானுக்குக் காயம் கொடுத்து, அதன் இறைச்சி என் வீட்டுக்கும் வராமல், அது பிழைத்ததா செத்ததா என்றும் தெரியாமல் திரும்பி வந்தேன்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் மற்றது புரியாது. பனியுகம் முடிந்து பனிப்பாளங்கள் பின்வாங்கியபோது விட்டுப்போன மண்மேடுகளும் பள்ளங்களும்தான் இந்தப் பகுதி முழுக்க. மலை என்று சொல்ல முடியாது, ஆனால் சமதளமாக ஒரு ஏக்கர் கிடைப்பதும் கஷ்டம். பண்ணையின் கிழக்கே சோளமும் சோயாவும் மாறி மாறிப் போடும் வயல். மேற்கே ஒரு நீண்ட மேடு, அதன் மேல் ஓக் மரங்கள். மேடு மேற்குப் பக்கம் சரிந்து ஒரு சதுப்பில் முடிகிறது. ஆள் உயரத்துக்குச் சம்பு வளர்ந்து கிடக்கும். பகலில் மான்கள் படுத்திருப்பது அந்தச் சம்புக்குள் இருக்கும் திட்டுகளில். பொழுது சாயும்போது எழுந்து, சரிவில் ஏறி, ஓக் கொட்டையைப் பொறுக்கித் தின்றுவிட்டு, இருட்டியதும் வயலுக்கு இறங்கும்.

மேட்டின் தோளில் ஒரு வெள்ளை ஓக். சிவப்பு ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு அதிகம். வெள்ளை ஓக்கின் கொட்டையில் குறைவு. அதனால் வெள்ளை ஓக் உதிர்க்கும் நாட்களில் மான்கள் மற்ற மரத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த வாரம் அது உதிர்த்துக்கொண்டிருந்தது. அடியில் புழுக்கை, குளம்படி, கிளறிப்போட்ட சருகு. பக்கத்து மரத்தில் 18 அடி உயரத்தில் என் பரண் இருந்தது.

எனக்கு இன்னொரு பரணும் இருந்தது. சதுப்பின் வடக்கு ஓரத்தில், மேடு தாழ்ந்து ஒரு குறுகிய கணவாய் போல ஆகும் இடத்தில். அங்கே போகச் சதுப்பைச் சுற்றிக்கொண்டு 25 நிமிடம் நடக்க வேண்டும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அங்கே உட்காருவது என்றுதான் நினைத்திருந்தேன். மூன்றரைக்கு முடிய வேண்டிய மீட்டிங் நாலேகாலுக்கு முடிந்தது. வண்டியை நிறுத்திவிட்டு மணி பார்த்தால் 5:10. ஓக் மரத்துக்கு 8 நிமிட நடை. போனில் பார்த்தேன்: காற்று மேற்கிலிருந்து, மணிக்கு 7 மைல். மேல்காற்று என்றால் என் வாசனை கிழக்கே, வயல் பக்கம் போகும். மான்கள் மேற்கேயிருந்து வரும். பிறகென்ன என்று ஓக் மரத்துக்கே போனேன்.

அந்த இடத்தில், அந்த நேரத்தில்தான் தவறு நடந்தது. இது எனக்குப் புரிய மூன்று வாரம் ஆனது.

பரணில் ஏறி, விழாமல் தாங்கும் வாரை மரத்தோடு மாட்டி, வில்லை மேலே இழுத்து, அம்பைப் பூட்டி உட்கார்ந்தபோது மேல்காற்று கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தது. 6:20 வரை அணில்கள்தான். சூரியன் சதுப்புக்குப் பின்னால் இறங்க இறங்க, காற்று நின்றுவிட்டது. அதை நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். இலை அசையாத அமைதியில் மான் வரும் சத்தம் கேட்குமே என்று.

6:35 இருக்கும். கீழே சம்பு விலகும் ஓசை. மூன்று பிணைகள். முன்னால் வந்தது வயதானது. முகம் நீண்டு, வயிறு கொஞ்சம் தொங்கி, ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தது. இரண்டும் அதன் பின்னால். சரிவில் நேராக என்னை நோக்கி ஏறின. 40 கெஜம். 30. ஒரு பருத்த மரத்துக்குப் பின்னால் அதன் தலை மறைந்த நொடியில் நாணை இழுத்தேன். மரத்தைத் தாண்டி வந்து, பக்கவாட்டில் திரும்பி, 25 கெஜத்தில் நின்றது.

நின்றதும் மூக்கைத் தூக்கியது. நாக்கால் மூக்கை ஒரு தடவை நக்கிக்கொண்டது. ஈரமான மூக்குக்கு வாசனை இன்னும் நன்றாகப் பிடிபடும். பிறகு தலையைக் குனிந்து தின்பதுபோலப் பாவனை செய்து, சடக்கென்று நிமிர்ந்தது. இரண்டு தடவை அப்படி. முன்னங்காலால் தரையை ஓங்கி ஒரு மிதி. பின்னால் வந்த இரண்டும் சிலையாயின.

இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அர்த்தமும் தெரியும். என்னுடையது இரு முனையிலும் சக்கரம் வைத்த காம்பவுண்டு வில். சக்கரம் உருண்டு முடிந்ததும் இழுவிசையில் பெரும்பகுதி குறைந்துவிடும் என்றாலும், நாணைப் பிடித்து நாற்பது விநாடி ஆகிவிட்டது. தோள் நடுங்கத் தொடங்கியிருந்தது. கொல்லைப்புறத்தில் பொம்மை மான்மீது இதே தூரத்தில் கோடை முழுக்க எய்து, அம்புகள் ஒரு தேங்காய் மூடி அகலத்துக்குள் விழும்படி பழகியிருந்தேன். அந்தப் பழக்கம் கையைப் பிடித்துத் தள்ளியது என்றுதான் சொல்ல வேண்டும். முன்னங்காலுக்குப் பின்னால், உடம்பின் நடுவில் குறி வைத்து விட்டேன்.

ஒரு சிறிய கணக்கு. என் அம்பு விநாடிக்கு 270 அடி போகிறது. 25 கெஜம் என்பது 75 அடி. ஆக, போய்ச் சேர 0.28 விநாடி. நாண் விடுபடும் ஓசை அதே தூரத்தைக் கடக்க 0.07 விநாடி போதும். ஓசை காதில் விழுந்த பிறகு மானுக்குக் கிடைப்பது 0.2 விநாடிதான். மேய்ந்துகொண்டிருக்கும் மானுக்கு அது போதாது. ஏற்கெனவே உடம்பு முழுக்க விறைத்து, ஓடத் தயாராக நிற்கும் மானுக்குப் போதும். அது அம்பைப் பார்த்து விலகுவதில்லை. பாய்ந்து ஓடுவதற்காகக் கால்களை மடக்கித் தாழ்கிறது, அவ்வளவுதான். தாழும் அந்த அரைச் சாண் அளவில், நுரையீரலுக்குப் போக வேண்டிய அம்பு முதுகுக்குப் போய்விடும்.

நான் பார்த்தது: மான் தரையோடு பதுங்கியது, பிறகு மூன்று வெள்ளை வால்கள் விசிறியாக விரிந்து சரிவில் இறங்கின. சதுப்பின் ஓரத்திலிருந்து ஒரு பெரிய சீறல், மூக்கின் வழியாகக் காற்றைப் பீய்ச்சுகிற ஓசை. மறுபடியும். மறுபடியும். பிறகு ஒன்றுமில்லை.

விதிப்படி அரைமணி நேரம் பரணிலேயே இருந்தேன். பெரியவருக்குச் செய்தி அனுப்பினேன். கைகள் நிற்காமல் நடுங்கின. இறங்கி வந்தபோது முந்தின நாள் பௌர்ணமி நிலவு கிழக்கே வயலுக்கு மேல் எழும்பிக்கொண்டிருந்தது.

பெரியவர் விளக்கும் ஒரு சுருள் கழிப்பறைக் காகிதமும் கொண்டுவந்தார். மண்ணில் குத்தி நின்ற அம்பை எடுத்து விளக்குக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். குடலில் பட்டிருந்தால் நாறும், பச்சையாகப் பிசுபிசுக்கும். நுரையீரலில் பட்டிருந்தால் இளஞ்சிவப்பாக நுரை இருக்கும். ஈரல் என்றால் ரத்தம் கருஞ்சிவப்பு. இதில் கொழுப்பும் கொஞ்சம் நல்ல சிவப்பும்தான். மயிரைக் கிள்ளி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "முதுகுச் சதை," என்றார். "முதுகெலும்புக்கும் மேலே."

தேடினோம். ஒரு துளி ரத்தம் தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் போட்டுவிட்டு அடுத்த துளியைத் தேட வேண்டும். திரும்பிப் பார்த்தால் காகிதங்கள் ஒரு கோடாகி, மான் போன திசையைக் காட்டும். முதல் இருபது கெஜத்தில் ஏழு துளி. பிறகு பத்து கெஜத்துக்கு ஒன்று. சாய்ந்த ஒரு மரத்தின் பட்டையில் தேய்த்தது போல ஒரு கோடு. சம்பு தொடங்கும் இடத்தில் ஒரு இலையில் மிளகு அளவுக்கு ஒன்று. அதற்கப்புறம் இல்லை. மண்டியிட்டு, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு இரவு பத்தரை வரைக்கும் இருந்தோம். பெரியவர் தன் முழங்காலோடு என்கூடவே மண்டியிட்டதை நான் மறக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் ஒருவர் தன் டாக்ஸ்ஹண்ட் நாயோடு வந்தார். காயம்பட்ட மானைத் தேட, நீண்ட வாரில் கட்டிய நாயைப் பயன்படுத்த இங்கே அனுமதி உண்டு. அந்தச் சின்ன நாய் எங்கள் கடைசிக் காகிதத்தைத் தாண்டி, சதுப்புக்குள் ஒரு முந்நூறு கெஜம் எங்களை இழுத்துக்கொண்டு போனது. தண்ணீர் ஆழமான இடத்தில் நின்று, சுற்றிச் சுற்றி வந்து, எங்களை நிமிர்ந்து பார்த்தது. நாய்க்காரர் குனிந்து அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். இது சாகும் காயமில்லை, இவ்வளவு தூரம் படுக்காமல் போயிருக்கிறது என்றார். அடுத்த நான்கு நாளும் பெரியவர் சமையலறை ஜன்னல் வழியாகக் கழுகுகள் வட்டமிடுகின்றனவா என்று பார்த்தார். ஒன்றும் வட்டமிடவில்லை.

பிழைத்திருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். நினைப்பதற்கும் தெரிவதற்கும் இடையே உள்ள தூரத்தில்தான் அந்த மூன்று வாரத்தையும் கழித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. "அதுக்கு வலிக்குமாப்பா?" வலிக்கும் என்றேன். வேறு எதையும் சொல்ல மனம் வரவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் அங்க பட்டுது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேட ஆரம்பித்தேன்.

முதலில் கையைக் குறை சொன்னேன். குறியைத் தாழ்த்தி வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. மான் குனியும் என்று கணக்குப் போட்டு, உடம்பின் கீழ்ப் பங்கில் குறி வைக்கச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அனுபவசாலிகள்தான் சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. குனியாமல் போனால்? பாதிதான் குனிந்தால்? விறைத்து நிற்கும் மானை எய்யாமல் இருப்பதுதான் சரி. நாணை மெல்ல விட்டுத் தளர்த்தியிருக்க வேண்டும். இது வரைக்கும் யாரும் வந்துவிடலாம். நானும் இரண்டு நாளில் வந்துவிட்டேன்.

ஆனால் அந்தப் பிணை ஏன் விறைத்தது? நான் அசையவில்லை. இருட்டுகிற நேரம், என் பின்னால் அடர்ந்த கிளை. மான்கள் நீலத்தை நன்றாகப் பார்க்கும், சிவப்பும் ஆரஞ்சும் அவற்றின் கண்ணுக்கு மங்கல். என் உடையில் நீலம் கிடையாது. துணிகளை வாசனையில்லாத சோப்பில் துவைத்து, வீட்டுத் தாளிப்பு வாடை ஒட்டாமல் கராஜில் மூடிபோட்ட பெட்டியில் வைத்திருந்தேன். காற்றோ மேற்கிலிருந்து.

பெரியவரிடம் இதையெல்லாம் ஒப்பித்தபோது அவர் வெளியே போய், வேலியோரச் செடி ஒன்றிலிருந்து ஒரு காயைப் பறித்துவந்தார். கிளியின் மூக்குபோல வளைந்த, சொரசொரத்த காய். வெடித்த பிளவுக்குள் பட்டுப்போல வெள்ளைப் பஞ்சு, ஒவ்வொரு இழைக் கற்றையின் முனையிலும் ஒரு தட்டையான பழுப்பு விதை.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அது எருக்கு. நம் எருக்கேதான் என்று சொல்ல முடியாது, ஆனால் அதே குடும்பம். மில்க்வீடு என்பார்கள் இங்கே; கிள்ளினால் அதே பால். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு இந்த வகைச் செடிகளைத் தவிர வேறெதையும் தின்னாது. ஊரில் எருக்கங்காய் வெடித்துப் பறக்கும் பஞ்சைத் தாத்தாப்பூச்சி என்று துரத்திப் பிடித்து, ஊதி ஊதி விட்டிருக்கிறோம். 13 வருடமாக இந்த வேலியோரங்களில் இதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு தடவை நின்று பார்த்ததில்லை.

இந்தப் பஞ்சுக்கு இந்த மாநிலத்தில் ஒரு சரித்திரமே உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜாவாவை ஜப்பான் பிடித்ததும், அங்கிருந்து அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இலவம்பஞ்சு நின்றுபோனது. கடற்படையினரின் உயிர்காப்புச் சட்டைக்குள் திணிப்பது அந்த இலவம்பஞ்சைத்தான். அதற்கு மாற்றாக மில்க்வீடு பஞ்சை எடுத்தார்கள். நாடெங்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெங்காயச் சாக்குகளில் காய்களைப் பறித்து அனுப்ப, அவற்றைப் பிரித்தெடுக்கும் ஆலை வடக்கு மிச்சிகனில் பெடாஸ்கி ஊரில் ஓடியது. இரண்டு சாக்கு ஒரு உயிரைக் காக்கும் என்பது அன்றைய முழக்கம். பெரியவரின் அக்காவும் அப்படிப் பறித்தவர்களில் ஒருத்தி.

அவர் அன்று காட்ட வந்தது வேறு. "சாயங்காலம் ஆறரைக்கு அந்தப் பரணில் போய் உட்கார். வில் வேண்டாம். இதில் ஒவ்வொன்றாக விட்டுப் பார்," என்றார்.

பார்த்தேன். ஐந்தரைக்கு விட்ட பஞ்சு கிழக்கே, வயலுக்கு மேலே மிதந்து போனது. போனில் வந்த காற்றுக் கணிப்பு சரிதான். ஆறு மணிக்கும் அப்படியே. ஆறேகாலுக்கு விட்டது எங்கும் போகாமல் என் முகத்துக்கு நேரே தயங்கி நின்று சுழன்றது. ஆறரைக்கு விட்டது மெல்லத் திரும்பி, கீழே இறங்கி, மேற்குச் சரிவில் தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் ஓடை ஓடுவதுபோல ஓடியது. பைனாகுலரில் பின்தொடர்ந்தேன். பருத்த மரத்தைத் தாண்டியது. பிணை நின்ற இடத்தைத் தாண்டியது. சம்புக்குள் போய் மறைந்தது.

வெயில் இறங்கியதும் மேட்டு நிலம் சீக்கிரம் குளிர்கிறது. அதைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்ந்து கனக்கிறது. கனத்த காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்தைத் தேடி வழிகிறது. காலையில் வெயில் ஏறும்போது இதற்கு நேர்மாறாக மேலே ஏறும். காற்று பலமாக வீசும்போது இது தெரியாது, அமுங்கிக் கிடக்கும். மேல்காற்று நின்ற அந்தக் கணத்தில்தான் இது எழுந்து நடக்கத் தொடங்கியது. நான் நல்ல சகுனம் என்று மகிழ்ந்த அமைதி, என் வாசனையைச் சதுப்பில் இருந்த ஒவ்வொரு மானுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கிழப் பிணை சரிவில் ஏறி வரும்போதே அரைகுறையாகத் தெரிந்துதான் வந்திருக்கும். உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் மூக்கை நக்கியது.

இதில் என்னை அதிகம் வாட்டியது ஒன்று உண்டு. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். என் தாத்தா களத்தில் நெல் தூற்றுவதற்கு முன் ஒரு பிடி பதரை அள்ளித் தலைக்கு மேல் பிடித்து மெல்ல விடுவார். அது விழும் விதத்தைப் பார்த்துத்தான் முறத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்று முடிவு செய்வார். மேல்காத்து வீசும் காலம்தான் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் அவர் கையிலிருக்கும் பதரைக் கேட்காமல் தொடங்கியதே இல்லை. சாயங்காலம் காற்று விழுந்துவிட்டால் முறத்தைக் கீழே வைத்துவிடுவார். "காத்து படுத்துட்டு, இனி தூத்துனா நம்ம மேலயே வந்து விழும்," என்பார். படுத்துட்டு என்கிற அந்தச் சொல்லை எத்தனை தடவை கேட்டிருப்பேன். நான் போனில் ஒரு அம்புக்குறியைப் பார்த்துவிட்டு மரத்தில் ஏறினேன்.

ஆக, மகளின் கேள்விக்குப் பதில் இப்படி வந்தது. மான் தாழ்ந்ததால் அம்பு முதுகில் பட்டது. விறைத்து நின்றதால் தாழ்ந்தது. என் வாசனை போனதால் விறைத்தது. காற்று இறங்கும் வழியில் நான் உட்கார்ந்ததால் வாசனை போனது. 25 நிமிடம் நடக்கச் சோம்பியதால் அங்கே உட்கார்ந்தேன். 6:38-க்கு நாணை விட்டபோது கையில் தவறு இல்லை என்று சொல்ல மாட்டேன். நாணைத் தளர்த்தாதது என் தவறுதான். ஆனால் வண்டிக்குப் பக்கத்தில் நின்று மணி பார்த்த அந்த 5:10-க்கே அந்த மானின் முதுகுக்கு அம்பு கிளம்பிவிட்டது.

மீதி அக்டோபர் முழுக்க வில்லைத் தொடவில்லை. சட்டைப்பையில் பஞ்சை அடைத்துக்கொண்டு வாரத்துக்கு மூன்று சாயங்காலம் அந்த மேட்டில் அலைந்தேன். சில நாட்கள் மகளும் வந்தாள். அவள் மேலே நின்று பஞ்சை விடுவாள், நான் கீழே நின்று எங்கே வருகிறது என்று பார்ப்பேன். ஒரு நோட்டில் படம் வரைந்தோம்: மேடு, ஓக், சதுப்பு, மணி, அம்புக்குறி. மேகமூட்டமான நாளில் இறங்கும் காற்று தாமதமாகவும் மெலிவாகவும் வருகிறது. வானம் தெளிந்திருந்தால் சூரியன் மறைவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சதுப்பின் வடகிழக்கு மூலையில் ஒரு சின்னக் குழி இருக்கிறது, பனிக்கட்டி புதைந்து உருகிய குழி. அதைச் சுற்றியுள்ள காற்றெல்லாம் அதற்குள் வந்து குட்டையாகத் தேங்குகிறது. அங்கே விட்ட பஞ்சு பத்து நிமிடம் அதே இடத்தில் சுற்றியது. மகள் அதற்குக் காத்துக்குட்டை என்று பெயர் வைத்தாள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று தெரிந்தது. நான் போகச் சோம்பிய வடக்குப் பரணில், இறங்கும் காற்று மான்கள் நடக்கும் கணவாய்க்குப் போகவில்லை. பின்னால் திரும்பி, நீர் ஆழமாகத் தேங்கி மான் கால் வைக்காத பகுதிக்குத்தான் போனது. அந்தப் பரணைப் போன வருடம் அங்கே கட்டச் சொன்னவர் பெரியவர். ஏன் அங்கே என்று அப்போது நான் கேட்கவில்லை.

நவம்பர் 9, சனிக்கிழமை. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளியாகிவிட்டது. ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இரண்டரைக்கே கிளம்பிச் சதுப்பைச் சுற்றி நடந்தேன், மான் தடத்தை ஓரிடத்திலும் மிதிக்காமல். ஏறி உட்கார்ந்ததிலிருந்து கால்மணிக்கு ஒரு பஞ்சு. நாலே முக்காலுக்கு விட்டது தயங்கி, திரும்பி, என் முதுகுக்குப் பின்னால் ஆழ்நீர்ப் பக்கம் இறங்கியது.

ஐந்தே காலுக்குக் கணவாயில் இரண்டு பிணைகள் வந்தன. ஒன்று 28 கெஜத்தில் பக்கவாட்டில் நின்றது. தலை குனிந்து மேய்ந்தது. நாணை இழுத்தேன். அது காதைத் திருப்பியது. என்னைப் பார்த்தல்ல, தூரத்தில் சாலையில் ஒரு டிரக் தாழ்ந்த கியரில் உறுமியதைக் கேட்டு. உடம்பு இறுகிவிட்டது. நான் குறியை அதன் மேலேயே வைத்துக்கொண்டு இருபது வரை எண்ணினேன். இறுக்கம் போகவில்லை. நாணை மெல்ல, இரண்டு கையாலும் தாங்கித் தளர்த்தினேன். அது மறுபடி குனிந்தபோது முன்னால் ஒரு புதர் வந்துவிட்டது.

ஒளி போய்க்கொண்டிருந்தது. சட்டப்படி எய்யும் நேரம் முடிந்த பிறகும் இரண்டும் என் காலடியில், பதினைந்து கெஜத்துக்குள், சருகைக் கிளறித் தின்றுகொண்டே இருந்தன. பல் படும் சத்தம்கூடக் கேட்டது. இறங்கினால் என்னைத் தெரிந்துகொண்டுவிடும். அதனால் அம்பைக் கழற்றி உறையில் வைத்துவிட்டு, கால் மரத்துப்போக, அவை தாமாகவே எழும்பி வயல் பக்கம் போகும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இறங்கித் தரையைத் தொட்டபோது மணி ஆறரை. சட்டைப்பையில் ஒரு காய்க்குப் பஞ்சு மிச்சம் இருந்தது.